தங்கராசு சொல்லும் பாடங்கள்

போன வருடம் எங்கள் கம்பெனியில் 'நான் வந்த பாதை' என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். சிவகாசியில் எட்டு வீட்டுக்கு ஒரு குழாய் இருந்த காம்பவுண்டு வளவில் வளர்ந்தவன் நான். அந்த வாழ்க்கை எனக்குக் கற்றுத்தந்தவை என்று மூன்றைச் சொன்னேன்: சிக்கனம், உழைப்பு, நேரந்தவறாமை. நல்ல கைத்தட்டல். வீடியோவை அக்காவுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் பண்ணினாள்.

"நல்லாத்தான்டா பேசுற. ஆனா சிக்கனம்னு சொன்னியே, அது சிக்கனம் இல்ல. காசு இல்ல."

அதற்கு அப்புறம்தான் 'பூ' படத்தைத் திரும்பப் பார்த்தேன். சசி இயக்கி 2008-ல் வந்த படம். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையிலிருந்து எடுத்தது. முதல் தடவை பார்த்தபோது நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. தியேட்டரில் அழுதேன். மாரி பட்டாசு ஆபீசுக்குப் போகிறவள், எங்க ஊர்ப் பிள்ளை, ஆகவே அது என் கதை என்று நினைத்துக்கொண்டேன். (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான்.) இரண்டாவது முறை பார்த்தபோதுதான் உறைத்தது. நான் மாரி இல்லையே. படத்தில் எஞ்சினியரிங் படிக்கப் போகிறவன் தங்கராசு. நான் தங்கராசு.

கதை தெரிந்ததுதான். மாரிக்குச் சின்ன வயதிலிருந்தே மாமன் மகன் தங்கராசு மேல் உயிர். வகுப்பில் வாத்தியார் ஒவ்வொருவரிடமும் என்னவாகப் போகிறாய் என்று கேட்கும்போது, தங்கராசு பொண்டாட்டியாகப் போகிறேன் என்கிறவள். அவன் படிக்கப் போகிறான். அவன் அப்பா பேனாக்காரர், மகனைக் கரையேற்றிவிட வேண்டும் என்று முதலாளியின் தயவை நம்பியிருக்கிறவர். அந்தத் தயவின் விலையாக முதலாளி வீட்டுப் பெண்ணைத் தங்கராசு கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாரி வேறொருவனைக் கட்டி அவனோடு நல்லபடியாகவே வாழ்கிறாள். கடைசியில் அவள் உடைந்து அழுவது தனக்குத் தங்கராசு கிடைக்கவில்லை என்பதற்காக அல்ல. போன இடத்திலும் அவன் சந்தோசமாக இல்லை என்று பார்த்துவிட்டதற்காக.

இந்தப் படத்தைக் காதல் படம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஒரு தெருவிலிருந்து ஒருவனை வெளியே அனுப்ப எத்தனை பேர் என்னென்ன கட்டுகிறார்கள் என்ற கணக்கு அது. தமிழ்ச்செல்வனும் சசியும் செய்த பெரிய காரியம், அந்தக் கணக்கைச் சொல்லும் உரிமையைப் போனவன் கையில் கொடுக்காமல் இருந்தவள் கையில் கொடுத்தது. 'வறுமை எனக்குக் கற்றுத்தந்த பாடம்' என்று நாம் படிக்கும் கட்டுரைகள், கேட்கும் மேடைப்பேச்சுகள் எல்லாம் தங்கராசுகள் எழுதியவை. என்னுடைய பதினைந்து நிமிடமும் அதில் சேர்த்தி. தங்கராசு பேசினால் பேனாக்காரர் 'தியாகி' ஆகிவிடுவார். மாரி பேச்சிலேயே வரமாட்டாள்.

என் அக்கா வரவில்லை. அவள் எட்டாவதோடு நின்றது 1996-ல். அந்த வருடம் டிசம்பரில்தான், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், குழந்தைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் 14 வயதுக்குக் கீழே ஆள் வைக்கக்கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் அதே சட்டத்தில், வீட்டில் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. எங்க வீட்டு முற்றம் சட்டப்படி தொழிற்சாலை இல்லை. மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சி, அக்காவும் அம்மாவும் நானும் அடிப்பெட்டி ஒட்டினோம். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. பரீட்சை நெருங்கினால் மட்டும் அம்மா என்னைத் தட்டியிலிருந்து எழுப்பிவிடுவாள், "நீ போய்ப் படி". அக்காவை யாரும் எழுப்பவில்லை. என் பங்குப் பெட்டியையும் சேர்த்து ஒட்டினாள். அப்புறம் ஆபீசுக்குப் போனாள், விடியுமுன்னே வேன் வரும். மேடையில் நான் சொன்ன நேரந்தவறாமை அந்த வேன்தான். அது எனக்காக வந்த வேன் கூட இல்லை.

இங்கேதான் எனக்குப் படத்தோடு ஒரு சண்டை இருந்தது. 'பூ'வில் பட்டாசு ஆபீஸ் மாரியும் தோழியும் பேசிச் சிரிக்கிற இடமாகத்தான் பெரும்பாலும் வருகிறது. கூலி எங்கே, முன்பணம் எங்கே, அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாக மினுங்குகிற கை எங்கே என்று கோபமாக ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்காவோடு உட்கார்ந்து மூன்றாம் முறை பார்த்தேன். என் குற்றச்சாட்டை அவளிடம் சொன்னேன்.

"ஆபீஸ்ல சிரிக்கலேன்னு உனக்கு யாரு சொன்னா? நாங்க சிரிச்ச மாதிரி நீ உன் ஏசி ஆபீஸ்ல சிரிச்சிருக்கியா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இம்புட்டு நேரம் பேசிட்டு இருந்தா குரோஸ் என்னத்துக்கு ஆகும்" என்றாள்.

இரண்டு வரியில் என் கட்டுரை போய்விட்டது. சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) ஆவணப்படத்தை நான் மதிக்கிறேன். 'குட்டி ஜப்பான்' என்ற பெருமைப் பெயரைத் திருப்பிப் போட்டு, அந்தப் பெருமையை எந்தக் கைகள் சுமந்தன என்று காட்டிய படம். ஆனால் அந்தக் கண்ணை அப்படியே வாங்கிக்கொண்டு என் அக்காவைப் பார்த்தால், அவள் சிரித்தது எனக்குத் தெரியாமல் போகிறது. பாடம் சொல்லும் தங்கராசுவுக்கும் பரிதாபப்படும் தங்கராசுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பேருமே வேனில் ஏறாதவர்கள்.

வசந்தபாலனின் 'வெயில்' (2006) விருதுநகரை இன்னொரு வழியில் காட்டுகிறது. அதில் பசுபதி நடித்த முருகேசன் ஊரைவிட்டு ஓடுகிறான். போன இடத்தில் ஜெயிக்கவில்லை. இருபது வருடம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வருகிறான். அப்பாவால் அவனை ஏற்க முடியவில்லை. எங்கள் வளவிலிருந்து எஞ்சினியரிங் போனவர்கள் என்னோடு இரண்டு பேர். மற்ற பிள்ளைகளில் பாதிப்பேர் முருகேசன்கள். அவர்களும் அதே குழாயடியில் அதே பாடத்தைத்தான் படித்தார்கள். யாரும் மைக் கொடுப்பதில்லை. (ஊர்ப்பெருமைக்கு எப்போதும் இழுக்கப்படும் காமராசரும் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் துணிக்கடைக்குப் போனவர்தான். முதலமைச்சரானதும் அவர் அதிலிருந்து பொன்மொழி எடுக்கவில்லை. 1956-ல் மதிய உணவு தொடங்கினார்.)

மேடையில் சொல்ல முடியாத பாடம் ஒன்று உண்டு. புகை தெரிந்தால் அந்தப் பக்கம் ஓடக்கூடாது. எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது 35-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் பலர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை, சத்தம் கேட்டு என்ன ஏதென்று ஓடியவர்கள், தூக்கிவிடப் போனவர்கள். அன்று மத்தியானம் அக்கா போனை எடுக்கவில்லை. அவள் ஆபீஸ் வேறு திசையில் இருந்தது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் நாற்பது தடவை அடித்தேன். சாயங்காலம் எடுத்து, "ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், ரெண்டு பிள்ளைக எங்க கூட முன்னாடி வேலை பார்த்ததுக" என்றாள். பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவளே அதைக் கேட்கவில்லை.

இந்த வருடமும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன வாரம் அக்காவுக்கு போன் பண்ணி, 98-ல் அடிப்பெட்டிக்கு குரோஸ் என்ன கூலி என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, எதுக்குடா?" என்று வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். அடிப்பெட்டிக்கு இவ்வளவு, மேல்பெட்டிக்கு இவ்வளவு, பசைக்காசு கழித்தது போக இவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொன்னாள்.