தன்னுந்துதலில் ‘தன்’ எங்கே?

உயிரற்ற ஒரு துகள் திரவத்தில் ‘தானே’ நீந்துகிறது என்று அறிவியல் எழுதும்போது அந்தத் ‘தானே’யை நாம் எப்படி வாசிப்பது? நாயுடுபுரத்தில் ஒரு மாலைப் பேச்சில் இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டார். “அதெப்படி தோழர், உசிரு இல்லாதது தானாப் போகும்? யாரோ தள்ளுறாங்கன்னுதானே அர்த்தம்?” கோட்பாட்டுப் பாரமில்லாத இந்தச் சந்தேகத்திலிருந்தே தொடங்கலாம்.

1827இல் ராபர்ட் பிரௌன் நீரில் மிதந்த நுண்துகள்களின் ஓயாத நடுக்கத்தைக் கண்டார். 1905இல் ஐன்ஸ்டீன் அதை மூலக்கூறுகளின் மோதலாக விளக்கினார். அந்த நடுக்கத்துக்குத் திசையில்லை. இன்று ‘தன்னுந்துத் துகள்’ எனப்படுவது வேறு. சில மைக்ரான் அளவுள்ள ஒரு சிலிக்கா உருண்டை. பாதிப் பரப்பில் மட்டும் தங்கப் பூச்சு. தண்ணீரும் லூட்டிடின் என்ற கரிமத் திரவமும் கலந்த கலவையில் அதை இடுகிறார்கள். தக்க விகிதத்தில் கலந்தால், ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ்வரை இவ்விரண்டும் ஒன்றாக இருக்கும்; அதைத் தாண்டினால் பிரியும். ஒளி பாய்ச்சும்போது தங்கப் பக்கம் சூடாகிறது. அதையொட்டிய கலவை மட்டும் பிரிகிறது. இரு பக்கங்களுக்கும் இடையே உண்டாகும் செறிவு வேறுபாட்டில் உருண்டை நகர்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பெக்கிங்கர் குழுவினர் 2011இல் இதை விரிவாகக் காட்டினார்கள். ஒளியை அணைத்தால் பழைய நடுக்கம்தான். வேகத்தையும் திசையையும்கூட, ஒளியின் அளவும் துகளின் பரப்பு எந்தத் திரவத்தை விரும்புகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

அப்படியானால் நகர்வது எது? துகளை மட்டும் எழுவாயாக்கும் வாக்கியம் ஒளியையும் கலவையையும் அழித்துவிடுகிறது. சுயம்பு எழுத்தாளன், சுதந்திரத் தனிமனிதன் என்ற நம் கதைகளின் இலக்கணமும் இதுவே. ஆனால் ‘எல்லாம் சூழலே’ என்று மறுபக்கம் சாய்வதும் உதவாது. உருண்டையின் இரு பக்கமும் ஒன்றுபோலிருந்தால் இந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்குக் காரணமே இல்லை. துகளின் சமச்சீரின்மையும் கலவையின் பிளவுபடும் தன்மையும் சந்திக்கும் இடத்தில்தான் இயக்கம் பிறக்கிறது.

இன்னொரு சேதி, அமைப்புகளில் வேலை செய்கிறவர்களுக்கு. 1995இல் விக்செக்கும் உடன் ஆய்வாளர்களும் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகள்களின் திசையைப் பின்பற்றினாலே போதும், கூட்டம் ஒரே திசையில் செல்லும். அங்கே திரவம் கணக்கில் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அதிதி சிம்ஹாவும் ஸ்ரீராம் ராமசாமியும் 2002இல் திரவத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். பாகுத்தன்மை மேலோங்கிய நுண்ணுலகில், ஒரே திசையில் அணிவகுத்த நீச்சல் துகள்களின் ஒழுங்கு நிலைக்காது. அவை தாமே கிளப்பும் நீரோட்டம் அதைக் குலைத்துவிடும் என்று கோட்பாட்டளவில் நிறுவினார்கள். இதை உடனே கட்சிக் கோட்பாடாக்கிவிட வேண்டாம். இயற்பியலை அப்படி இரவல் வாங்குவோரை 1996இல் ஆலன் சோகல் கேலிக்குள்ளாக்கியது நினைவிருக்கட்டும். ஊடகத்தைக் கழித்துவிட்டுப் போடும் கணக்கு வேறு விடை தரும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த மலையில் இது சொல்விளையாட்டு அல்ல. ‘பாதரசம் பரவியது’ என்கிறோம். அது சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், வண்டலில் பாக்டீரியா அதை மீதைல் பாதரசமாக்கும், மீனுக்குள் ஏறும், எல்லாம் உண்மை. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் பாதரசம்! இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்குக்குத் தானாக நடந்து போகவில்லை. 2001 மார்ச்சில் மக்கள் அதை அம்பலப்படுத்திய பிறகே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது.

ஆய்வகத்தில் துகளுக்குச் சூட்டப்படும் ‘தன்’ சுருக்கக் குறியீடு. ஒளி எங்கிருந்து, எவ்வளவு வந்தது என்பதைக் கட்டுரையின் செய்முறைப் பகுதி எழுதிவைத்துவிடும். பொதுப்பேச்சுக்கு அப்படியொரு பகுதி கிடையாது. அதை எழுதுவது நம் வேலை: எரிபொருள் யார் கொடுத்தது, கலவை எதனால் ஆனது, எந்தப் பக்கத்தில் பூச்சு.