ஆளுமை வினாநிரலும் பழவேற்காட்டுப் பாடு முறையும்: ஒரு திறனாய்வு

உளவியல் ஆய்விலும் தொழில் வழிகாட்டலிலும் ஆளுமை வினாநிரல்கள் பெருவழக்காகிவிட்டன. ‘நான் திட்டமிட்டுச் செயல்படுபவன்’, ‘புதிய முயற்சிகளில் துணிந்து இறங்குபவன்’ என்பன போன்ற கூற்றுகளுக்கு ஐந்து படிநிலைகளில் விடை பெற்று, அவ்விடைகளின் கூட்டுத்தொகையை ஒருவரின் நிலைத்த இயல்பாகக் கொள்வது இவற்றின் முறை. இக்கருவிகளை மீனவக் குப்பங்களுக்கு அப்படியே எடுத்துச்செல்வது பொருந்துமா என்பதைப் பழவேற்காடு ஏரியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை வழக்கிலுள்ளது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலையிடுவது என்பதை அங்கு ஊர்க் கட்டுப்பாடே முறைவைத்து வகுக்கிறது. தலைக்கட்டு உரிமை பெற்ற பட்டினவ ஆண்களுக்கே இதில் இடமுண்டு. ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் இவ்வுரிமைக்குப் புறம்பானவர்கள். இவ்விரு தரப்பினரும் ‘என் வேலையை நானே திட்டமிடுகிறேன்’ என்னும் கூற்றுக்கு வெவ்வேறு விடை தந்தால், அவ்வேறுபாட்டில் மனவியல்பின் பங்கு எவ்வளவு, நீர்ப்பரப்பின் மீதான உரிமையின் பங்கு எவ்வளவு என்பதை மதிப்பெண் பிரித்துக் காட்டாது.

இவ்வையத்திற்கு உலகளாவிய சான்றுகள் உள்ளன. பொலிவியாவின் சிமானே மக்களிடம் குர்வென் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஐங்காரணி அமைப்பு தெளிவாக வெளிப்படவில்லை. லஜாஜ் குழுவினர் 2019இல் 23 நாடுகளின் நேர்முகக் கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்து, இவ்வினாக்கள் தாம் அளக்கக் கருதிய பண்புகளைப் பெரும்பாலும் அளக்கவில்லை எனக் கண்டனர். கேட்பவருக்கு இசைந்து ‘ஆம்’ என்று சொல்லும் போக்கும் விடைகளைத் திரித்திருந்தது.

தொழில் வழிகாட்டலில் இப்பிழையின் விளைவு கடுமையானது. ஜான் ஹாலந்து 1959இல் முன்வைத்த கோட்பாடு, பின்னர் அறுவகை ஆர்வ வகைப்பாடாக வளர்ந்தது. அதில் கைத்திறன், கருவி, வெளிப்புற உழைப்பு சார்ந்தவை செயல்முறை வகையாகும். வலை பின்னியும் படகு செப்பனிட்டும் வளர்ந்த மாணவர், தமக்குப் பழகியவற்றையே விருப்பமாகக் குறிக்கக்கூடும். ஆய்வகத்தையோ வரைகலையையோ கண்டிராதவர் அவற்றில் ஆர்வமில்லை என விடையளிப்பதும் இயல்பே. வாய்ப்பின்மை அங்கு நாட்டமின்மையாகப் பதிவாகிறது. குடும்பத் தொழிலின் எல்லை, அறிவியல் முத்திரையோடு மாணவரிடமே திரும்பி வருகிறது.

‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களின் வழியே 2022 முதல் அரசுப் பள்ளி மாணவரையும் தொழில் வழிகாட்டல் எட்டிவரும் சூழலில் இது கருதத்தக்கது. வினாநிரலைக் கைவிட வேண்டுமென்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு கூற்றையும் விடையளிப்போர் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதை முன்னாய்வில் அவர்களிடமே கேட்டறிய வேண்டும். எதிர்நிலைக் கூற்றுகளைச் சேர்த்து இசைவுப் போக்கைக் கண்டறிய வேண்டும். பாடு உரிமை, பாலினம், தொழில் அனுபவம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிய வேண்டும். வழிகாட்டுநரோ, பல தொழில்களை மாணவர் நேரில் கண்ட பின்னரே ஆர்வத்தை அளக்க வேண்டும். கிடைக்கும் மதிப்பெண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாது உரையாடலின் தொடக்கமாகவே கொள்ள வேண்டும்.