ஒட்டுப்போட்ட பிறப்பும் ஒட்டாத சாவும்

கதைப்பாடலுக்கு மூலம் தேடுவது எப்போதுமே யாரோ ஒருவருக்குப் பட்டா எழுதித் தருகிற காரியமாகத்தான் இருந்து வந்திருக்கிறது. ஆடிப் பாடும் கூட்டமே பாலட்டைப் பெற்றெடுத்தது என்றார் அமெரிக்கப் பேராசிரியர் கம்மரே (1907). எதிர்த்தவர்களோ, எங்கோ ஒரு தனிக்கவிஞன் இருந்தான், சனங்கள் வாயில் போட்டு மென்று சிதைத்துவிட்டார்கள் என்றார்கள். முதல் பதிலில் பாடுகிறவனுக்குப் பெயர் இல்லை. இரண்டாவதில் மூளை இல்லை. 1882 முதல் 1898 வரை 305 பாலட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டும் பெரும்பாலும் பழைய கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் பிரதிகளையும்தான் நம்பினார். வால்டர் ஸ்காட்டுக்குப் பாடிக் கொடுத்த ஸ்காட்லாந்து மூதாட்டி மார்கரெட் லெய்ட்லா, பாடுறதுக்குன்னு இருந்ததை அச்சடித்துக் கெடுத்துட்டீங்களே என்ற பொருள்பட அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக, அம்மூதாட்டியின் மகன் ஜேம்ஸ் ஹாக் எழுதி வைத்திருக்கிறார். பாலட் பற்றி நான் படித்ததில் ஆகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

நம்ம பக்கம் வருவோம். நா. வானமாமலை பதிப்பித்து, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கதைப்பாடல்களில் முத்துப்பட்டன் கதையும் ஒன்று. பிராமண இளைஞன் முத்துப்பட்டன், அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மீதும் ஆசை கொள்கிறான். வாலப்பகடை நிபந்தனை வைக்கிறார். பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, தோல் தைக்கக் கற்று, எங்களில் ஒருத்தனாக வா. அவன் வருகிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் அவன் சிதையில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள். காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான். இது பிற்காலத்தில் சேர்த்த ஒட்டு என்றும், சாதி ஒழுங்கைக் காப்பாற்றச் செய்தது என்றும் நா.வா. எடுத்துக்காட்டினார். மதுரை வீரனும் இப்படித்தான் காசி ராஜா மகனாகப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் வீட்டில் வளர்கிறான். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் இந்த அரச பிறப்பை விட்டுவிடவில்லை. ஆரியமாலாவைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனுக்குத் தெய்வப் பிறப்பே தரப்பட்டது. மூன்று கதையிலும் சாதி மீறிய உறவு. மூன்றிலும் பிறப்பில் கை வைத்திருக்கிறார்கள். தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இங்கே நம் கோட்பாட்டு நண்பர்கள் குறுக்கிடுவார்கள். வாய்மொழி மரபில் மூலப்பிரதி என்று எதுவும் கிடையாதே, ஒவ்வொரு நிகழ்த்துதலும் ஒரு புதுப் படைப்புத்தானே? ஆல்பர்ட் லார்ட் 1960இலேயே இதைச் சொல்லிவிட்டாரே? சரிதான். ஆனால் மூலம் இல்லை என்பதிலிருந்து எல்லா வடிவமும் சமம் என்ற முடிவுக்குத் தாவுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு மாற்றம் யாருக்குத் தேவைப்பட்டது, யார் முன்னால் பாடும்போது தேவைப்பட்டது என்கிற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. மறுபக்கம், அசல் கதை எங்களிடம்தான் இருக்கு என்று சொல்லும் இயக்கத் தோழர்களும் பட்டா விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள். அசலை நிரூபிக்கப் போனால் ஏட்டைக் கேட்பான். ஏடு யார் வீட்டுப் பரணில் இருந்தது?

ஒட்டைக் காட்டிக் கொடுக்க ஏடு வேண்டியதில்லை. கதையின் உடம்பே போதும். பெண்கள் பிராமணப் பிறப்பு என்றால் வாலப்பகடையின் நிபந்தனைக்கு என்ன அர்த்தம்? பூணூல் அறுத்ததும் செருப்புத் தைத்ததும் வெறும் நாடகமாகிவிடும். ஆனால் ஒட்டுப் போட்டவர்களால் அந்த இடத்தை வெட்டி எறிய முடியவில்லை. வெட்டினால் கதையே இல்லை.

இரண்டாவது சாட்சி கொடை. வில்லும் குடமும் உடுக்கையும் வைத்துப் பாடப்படும் கதைகளைத் தெய்வப் பிறவி, இறந்துபட்ட வாதை என்று பாடகர்களே பிரிப்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தன் 1988 நூலில் விளக்குகிறார். இரண்டாம் வகையில் பாட்டு சாவை நெருங்க நெருங்கத்தான் அருள் ஏறுகிறது. வெட்டுப்பட்டவன் சாமியாகிறான். அவனைச் சாமியாக்கியது கொலை. அங்கே பிறப்புக்கு வேலையே இல்லை. அப்படியானால் ஒட்டுப்போட்ட பிறப்பு யாருக்கு? கும்பிட வந்தவனுக்கு அது தேவையில்லை. யார் யாரைக் கட்டலாம் என்று கணக்குப் பார்க்கிற, சற்றுத் தள்ளி நிற்கிற ஊர்ப் பெரியவருக்குத்தான் அது தேவை. கொடைக்குப் பணமும் அனுமதியும் அவர் கையிலிருந்து வரும்போது, பாடுகிறவர் என்னதான் செய்வார்? ஒட்டைப் போட்டுவிட்டு நிபந்தனையையும் சேர்த்தே பாடிவிட்டார் என்பதை நான் கோழைத்தனம் என்று வாசிக்கமாட்டேன்.

பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். எந்த ஒட்டாலும் அந்தச் செருப்பைக் கழற்ற முடியவில்லை. கதைப்பாடலை மேடைக்கும் போராட்டத்துக்கும் எடுத்துப் போகிற நாம் அசலைத் தேடி அலைய வேண்டாம். ஒட்டையும் சேர்த்துப் பாடுவோம். இது ஒட்டு, இன்னாருக்காகப் போட்டது என்று கூட்டத்திடம் சொல்லியே பாடுவோம். சாதி மாறிக் கட்டியதற்காக வெட்டுகிற காலம் முடிந்துவிடவில்லை. வெட்டுகிறவன் இப்பவும் பிறப்பைத்தான் கேட்கிறான்.