நீலப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

அவுரி இலையில் நீலம் இல்லை. இலையைத் தொட்டி நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள இண்டிகன் என்ற நிறமற்ற பொருளிலிருந்து சர்க்கரைப் பகுதியை ஒரு நொதி பிரித்துவிடுகிறது. எஞ்சும் இண்டாக்சில் நீரில் கரைந்து இலையை விட்டு வெளியேறுகிறது. அந்நீரைத் தனியே வடித்து, காற்றுப்படுமாறு அடித்துக் கலக்கிய பின்னரே நீலம் படிகிறது. நொதி வேலை செய்த இடம் ஒன்று, நிறம் தோன்றிய இடம் வேறொன்று. சாயத் தொழிலுக்கு இதனால் கேடில்லை. ஆனால் இதே வேதியியலைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, ஒரு ஜீன் செடியின் எந்தச் செல்லில் இயங்குகிறது என்று தீர்ப்புக் கூற முற்பட்டால், இந்த இடமாற்றம் சிறிய செய்தியன்று.

அவ்வாறு தீர்ப்புக் கூறும் முறையைத் தாவர ஆராய்ச்சியில் நிலைநாட்டியது, 1987-இல் 'எம்போ ஜர்னல்' இதழில் ஜெபர்சன், கவனா, பெவன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை. எஷரிக்கியா கோலை என்ற குடல் பாக்டீரியத்தில் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற நொதி உண்டு. ஆய்வுக்கூடங்களில் இதைச் சுருக்கமாகக் 'கஸ்' என்பர். ஒரு ஜீனின் முன்னே நின்று, அது எங்கே, எப்போது இயங்கவேண்டும் என ஆணையிடும் பகுதி புரமோட்டர். அதை வெட்டியெடுத்துக் கஸ் ஜீனுடன் ஒட்டிச் செடிக்குள் செலுத்துவர். பிறகு இலையையோ தண்டின் மெல்லிய சீவலையோ 'எக்ஸ்-குளுக்' என்ற பொருளின் கரைசலில் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், நொதி உள்ள இடத்தில் நீலம் படியும். பச்சையத்தை ஆல்கஹாலில் கழுவி நீக்கினால், வெளிறிய இலையில் நீலம் மட்டும் நிற்கும்.

இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. முன்பு வழக்கிலிருந்த 'கேட்' நொதிச் சோதனையில் திசுவை அரைத்துச் சாறெடுத்து, கதிரியக்கப் பொருளுடன் சேர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. அரைத்த பிறகு எந்தச் செல் என்று யாரைக் கேட்பது? மூவரின் கட்டுரையோ புகையிலைத் தண்டின் குறுக்குவெட்டையே கண்முன் வைத்தது. கஸ் ஜீனைத் தாங்கிய செடிகள் இயல்பாக வளர்ந்து விதையும் கொடுத்தன. நீலம் வேண்டாம், அளவுதான் வேண்டும் என்போருக்கு ஒளிரும் பொருளைக் கொண்டு அளக்கும் வழியும் அதே கட்டுரையில் இருந்தது. பல ஆய்வுக்கூடங்கள் இம்முறையை உடனே கைக்கொண்டதில் வியப்பில்லை.

குறைகளுக்கு வருவோம். தாங்கள் சோதித்த உயர் தாவரங்களில் இந்நொதியின் செயல் தென்படவில்லை என்று கட்டுரை கூறியது. பலர் அதை 'தாவரங்களில் இந்நொதியே கிடையாது' என்று படித்துக்கொண்டனர். ஹூவும் துணைவர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், பல விதைத் தாவரங்களின் கனி, விதை போன்ற உறுப்புகளில் கஸ் போன்ற செயல் இயல்பாகவே காணப்பட்டது. கரைசலின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது பெரிதும் அடங்கும். எனினும் ஜீன் செலுத்தாத செடியையும் அருகே வைத்துச் சாயமேற்றாத படத்துக்கு மதிப்பில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. ஜீனைச் சுமந்து வரும் அக்ரோபாக்டீரியமே நீலத்தை உண்டாக்கிய குழப்பமும் உண்டு. பாக்டீரியத்தால் வெட்டி நீக்க முடியாத இன்ட்ரான் துண்டு ஒன்றைக் கஸ் ஜீனுக்குள் செருகி, 1990-இல் அதைத் தீர்த்தனர். நல்ல யுக்தி!

இவற்றைவிட ஆழமான குறை, அவுரித் தொட்டியில் கண்டதே. எக்ஸ்-குளுக்கிலிருந்து சர்க்கரை அமிலம் பிரிந்ததும் பிறப்பது நீலமன்று. இண்டாக்சிலின் நிறமற்ற உறவுப் பொருள்தான். அதன் இரண்டு மூலக்கூறுகள் ஆக்சிஜனேற்றம் பெற்று இணைந்த பிறகே கரையாத நீலம் படிகிறது. இந்த இடைவேளையில் அது பக்கத்துச் செல்லுக்கு நழுவலாம். பெராக்சிடேஸ் நொதி மிகுந்த செல்லில் விரைந்து நீலமாகி, 'இங்கேதான் ஜீன் இயங்குகிறது' என்று பொய் சொல்லலாம். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபெர்ரோசயனைடும் சேர்ப்பது இந்த இணைப்பை விரைவுபடுத்தத்தான். இந்த ஆபத்தை ஜெபர்சனே எச்சரித்திருந்தார்; செய்முறையை எடுத்துக்கொண்ட பலர் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டுனியா மகரந்தப்பையில் காணும் நீலம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்று மஸ்கரேனஸ், ஹாமில்டன் இருவரும் 1992-இல் தனிக் கட்டுரையே எழுத நேர்ந்தது.

செல்லின் அமைப்பும் கண்ணை ஏய்க்கும். புளோயம் செல்கள் சிறியவை, சைட்டோபிளாசம் அடர்ந்தவை. பெரிய பாரன்கைமா செல்லிலோ நடுவே குமிழி இடத்தை அடைத்துக்கொள்ள, சைட்டோபிளாசம் ஓரத்தில் மெல்லிய படலமாக ஒதுங்கிவிடும். இரண்டும் ஒரே விகிதத்தில் நொதியைச் செய்தாலும் புளோயமே கருநீலமாகத் தெரியும். நீலத்தின் அடர்த்தியை மட்டும் பார்த்து, ஜீன் அங்கே அதிகம் உழைக்கிறது என்று எழுதிவிடுவது எளிது.

காலத்தைப் பற்றியும் இந்தச் சாட்சி சரியாகப் பேசுவதில்லை. கஸ் நொதி நீடித்து நிற்பதை 1987 கட்டுரை ஒரு சிறப்பாகவே கூறியது. இலைச் செல்களில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகும். மெல்லிய சமிக்ஞையும் சேர்ந்து தெரிய இது உதவும், உண்மைதான். ஆனால் நேற்றே நின்றுவிட்ட ஜீன் இன்றும் நீலமாகத் தெரியுமே! அடுத்த நாள் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. சாயத்தில் ஊறிய திசு உயிருடன் மீள்வதில்லை.

புரமோட்டரை வெட்டும்போதே பிழை நேர்வதும் உண்டு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸில் மகரந்தத் தாளும் சூலகமும் உருவாக அகமஸ் என்ற ஜீன் தேவை. சீபர்த், மேயரோவிட்ஸ் இருவரும் 1997-இல் இதன் முன்பகுதியை மட்டும் கஸ் ஜீனுடன் ஒட்டிப் பார்த்தபோது, மலரில் இருக்கவேண்டிய சரியான அமைப்பு கிட்டவில்லை. ஜீனின் உள்ளே கிடந்த பகுதியையும் சேர்த்த பிறகே கிட்டியது. ஆணையின் முக்கியப் பகுதி முன்னே இல்லை, உள்ளே இருந்தது. அகமஸின் ஆர்.என்.ஏ. மலரில் எங்கே இருக்கிறது என்பது முன்னரே நேரடியாகக் கண்டறியப்பட்டிருந்தது. எது சரியான நீலம், எது தவறான நீலம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது அதனால்தான்.