பிராங்கிளின் எண்ணாத பிழை: ஒரு தன்வரலாற்றின் வழி குடியேற்ற அமெரிக்கா



‘குடியேற்றக் கால அமெரிக்காவின் வாழ்க்கை, ஆட்சி, பொருளாதாரம் ஆகியவற்றின் வளர்ச்சியை விளக்குக.’ இப்படி ஒரு கேள்வி வந்தால் நம் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? மூன்று துணைத்தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு கருத்து. பக்கம் நிறைந்துவிடும். ஆனா, மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் வராது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம கொடுக்கிற குறிப்பே அப்படித்தானே இருக்கு!

அதனால் இம்முறை குறிப்பு வேண்டாம், ஒரு நூலை எடுத்துக்கொள்வோம்: பெஞ்சமின் பிராங்கிளினின் தன்வரலாறு. 1771இல் இங்கிலாந்தில் எழுதத் தொடங்கினார். இடையில் பல ஆண்டுகள் நிறுத்தினார். 1790இல் இறக்கும்போதும் நூல் முடியவில்லை. கதை 1757ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. பதின்மூன்று நற்பண்புகள், சிக்கனம், விடாமுயற்சி என்று இதை ஒரு முன்னேற்ற நூலாகத்தான் நாம் அறிமுகப்படுத்துகிறோம். அது பாதி வாசிப்பு என்பது என் கருத்து.

மூன்றும் ஒரே கயிறு

பிராங்கிளின் 1706இல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா இங்கிலாந்தில் சாயத் தொழில் செய்தவர். பாஸ்டனில் அந்தத் தொழிலில் பிழைக்க முடியாததால் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றார். மகன் 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். 21 வயது வரை அங்கேதான் இருக்கணும் என்பது ஒப்பந்தம்.

ஜேம்ஸ் நடத்திய செய்தித்தாள் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் கோபத்துக்கு ஆளானது. அவரைச் சிறையில் அடைத்தார்கள். பிறகு, அவர் பெயரில் இதழ் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார்: இதழைத் தம்பி பெயரில் வெளியிடுவது. அதற்காகப் பழைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டதாக ஊருக்குக் காட்டி, ரகசியமாகப் புது ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். பின்னால் சண்டையும் அடியும் வந்தபோது, அந்த ரகசியப் பத்திரத்தை அண்ணனால் வெளியே எடுக்க முடியாது என்று தம்பிக்குத் தெரிந்திருந்தது. 1723இல், 17 வயதில், ஓடிப்போனார்.

இப்போ சொல்லுங்க. தடை போட்டது ஆட்சி. அச்சகம் பொருளாதாரம். ஓடிய பையன் வாழ்க்கை. இந்த ஒரே நிகழ்ச்சியை எந்தத் துணைத்தலைப்பில் போடுவீங்க?

பிலடெல்பியாவிலும் இதே கதைதான். இங்கிலாந்திலிருந்து வாங்கும் பொருளுக்காகத் தங்க வெள்ளி நாணயங்கள் கடல் கடந்து போய்விடும். உள்ளூரில் கொடுக்கல் வாங்கலுக்குப் பணம் இருக்காது. 1729இல் காகிதப் பணம் வேண்டும் என்று பிராங்கிளின் ஒரு சிறுநூல் எழுதினார். சட்டமன்றமும் அதற்கு இசைந்தது. அங்கிருந்த நண்பர்கள் பணத்தை அச்சிடும் வேலையை அவருக்கே கொடுத்தார்கள். நல்ல லாபம் என்று அவரே மறைக்காமல் எழுதுகிறார். 1736இல் சட்டமன்ற எழுத்தர் ஆனார். 1737இல் நகரின் அஞ்சல் தலைவரானார். முதல் பதவி அரசாங்க அச்சு வேலைகளைக் கொண்டுவந்தது, இரண்டாவது அவருடைய செய்தித்தாள் பரவ உதவியது. அவர் உயர்ந்தது உழைப்பால் மட்டுமா? ஆட்சியோடு இருந்த நெருக்கமும் சேர்ந்துதான்.

அவர் எண்ணாத பிழை

நூலில் எனக்கு முக்கியமாகப் படும் ஒரு சிறு காட்சி உண்டு. ஓடி வரும் வழியில், ஒரு சத்திரத்தில், தப்பியோடிய வேலையாளோ என்று பிராங்கிளினைச் சந்தேகிக்கிறார்கள். எங்கே பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார். பலர் கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்க ஒப்புக்கொண்டு ஐரோப்பாவிலிருந்து வந்த காலம் அது. நம் தோட்ட வரலாற்றில் வரும் ‘சஞ்சிக்கூலி’ என்ற சொல்லை நினைத்தால் மாணவருக்குச் சட்டென்று புரியும்.

தன் வாழ்க்கைத் தவறுகளைப் பிராங்கிளின் ‘அச்சுப்பிழைகள்’ என்று அழைக்கிறார். அச்சுக்காரர் அல்லவா! அண்ணனின் ஒப்பந்தத்தை மீறியது முதல் பெரும் பிழை. நண்பருக்குரிய பணத்தைச் செலவழித்தது இன்னொன்று. டெபோராவை மறந்திருந்தது மற்றொன்று. இந்த நேர்மைதான் நூலின் அழகு.

ஆனா, அவர் நடத்திய ‘பென்சில்வேனியா கெசட்’ செய்தித்தாளில் அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் வந்தன. தப்பியோடியவர்களைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்ற விளம்பரங்களும் வந்தன. ஒரு காலத்தில் பிடிபடுவோமோ என்று பயந்த பையன், பின்னால் அந்த விளம்பரங்களில் காசு பார்த்தார். வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். 1757இல் தந்தையும் மகனும் லண்டன் போனபோது பீட்டர், கிங் என்ற இருவரைக் கூட்டிச் சென்றார்கள். கிங் அங்கே ஓடிப்போனார். பிழைப் பட்டியலில் இது எதுவுமே இல்லை.

‘அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே, டீச்சர்?’ என்று மாணவர் கேட்பார். எல்லாரும் இல்லை. பிலடெல்பியாவுக்குப் பக்கத்து ஜெர்மன்டவுனில் 1688இலேயே குவேக்கர்கள் சிலர் அடிமைமுறையை எதிர்த்து எழுத்தில் கண்டனம் கொடுத்தார்கள். 1730களில் பெஞ்சமின் லே எழுதிய அடிமை எதிர்ப்பு நூலை அச்சிட்டவரே பிராங்கிளின்தான். ஆகவே, அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். அவர் பின்னர் மாறினார். 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790இல் காங்கிரஸுக்குப் போன மனுவில் கையெழுத்திட்டார். ஆனால் தன்வரலாற்றின் மூன்றாம் பகுதியை எழுதத் தொடங்கியது 1788இல்தான், அதாவது மாறிய பிறகு. அப்போதுகூட பட்டியலில் ஒரு வரி சேர்க்கவில்லை. இந்த மௌனத்தைக் குறையாகச் சொல்வதுதான் திறனாய்வு. அதற்காக நூலைத் தூக்கிப் போடவேண்டிய தேவையும் இல்லை.

தேர்வில் எப்படி எழுதுவது?

முதலில் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். அதில் சட்டம் யார் போட்டது, லாபம் யாருக்குப் போனது, யாருடைய வாழ்க்கை மாறியது என்று மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக, நூல் யாரைப் பற்றிப் பேசவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். மனப்பாடக் குறிப்பில் கிடைக்காத புள்ளி அந்தப் பத்தியில்தான் கிடைக்கும்.

வகுப்பில் செய்து பார்த்து, மாணவர்களின் நல்ல பதில்களை அடுத்த இதழுக்கு அனுப்பி வையுங்கள்.