ஆட்ட நாயகன் அந்த அரங்கம்தான்

லாஸ் ஏஞ்சலிஸ் பீட் இசையின் ஆரம்ப காலத்தைப் பேச வந்தால் எல்லோரும் இசைக்கலைஞர் ஃப்ளையிங் லோட்டஸில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். 2008-ல் வார்ப் நிறுவனம் வெளியிட்ட அவருடைய 'லாஸ் ஏஞ்சலிஸ்' ஆல்பம் சதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், ஆட்ட நாயகன் விருதை நான் பிட்சுக்குத்தான் கொடுப்பேன்.

அந்தப் பிட்ச், லிங்கன் ஹைட்ஸ் பகுதியில் இருந்த 'தி ஏர்லைனர்' பார். 2006 அக்டோபரில் டாடி கெவ் அங்கே 'லோ எண்ட் தியரி' என்ற புதன்கிழமை இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார். கெவ் மாஸ்டரிங் எஞ்சினியர், அதாவது பாடலின் இறுதி ஒலியைச் சீர்செய்பவர். அதனால் பேஸ் என்னும் அடித்தொனி விஷயத்தில் சமரசமே கிடையாது. பெட்ரூமில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்த பீட், அங்கிருந்த சப்வூஃபரில் ஏறியதும் பலருக்குச் சாயம் வெளுத்துவிடும். கிக் டிரம்மும் பேஸும் ஒன்றை ஒன்று விழுங்கி, வெறும் உறுமல்தான் மிஞ்சும். இதைச் சமாளிக்கத் தெரிந்தவரே அங்கே நிலைத்தார். கிக் விழும் கணத்தில் மற்ற ஒலிகள் அமுங்கி, அடுத்த நொடியே பொங்கி எழும் அந்த 'லாஸ் ஏஞ்சலிஸ் மூச்சு' இந்தக் களத்தில்தான் பதம் பெற்றது என்பது என் கணிப்பு.

இந்த இசையில் தாளத்தைத் தள்ளாட விடும் வித்தையோ, டெட்ராய்ட்காரரான ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் சொத்து. கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தவர், 2006 பிப்ரவரியில் 32 வயதில் இறந்தார். அடியை மயிரிழை தாமதமாக வைக்கும் அவரது பாணியைப் பின்னால் வந்தவர்கள் பலர் வெறும் பழக்கமாக்கிக்கொண்டார்கள். அது பலவீனம்தான்.

இன்னொரு பலவீனம், மேடை. லேப்டாப் திரையைப் பார்த்துத் தலையாட்டுபவரை எவ்வளவு நேரம் பார்ப்பது? இங்கேதான் லாஸ் ஏஞ்சலிஸ் பீட் கலைஞர் டேடலஸ் தனித்து நிற்கிறார். விக்டோரியா காலத்துக் கனவான் மாதிரி கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வருவார். கையில் மோனோம்: விளக்கெரியும் பொத்தான்கள் வரிசை வரிசையாகப் பதித்த பெட்டி. அதைக் கூட்டத்தைப் பார்க்கச் சாய்த்துப் பிடித்து வாசிப்பார். எந்த விரல் எந்தப் பொத்தானைத் தொட்டது, எந்த ஒலித்துண்டு வெட்டுப்பட்டது என்று முன்வரிசைக்குக் கண்ணாலேயே தெரியும். விரல் தப்பினால் அதுவும் தெரியும். அந்தத் துணிச்சலுக்கே முழு மதிப்பெண்.

2011-ல் லோ எண்ட் தியரிக்கு ரேடியோஹெட் இசைக்குழுவின் தாம் யார்க்கே வந்து இசைத்துவிட்டுப் போனார். 2018 ஆகஸ்டில் நிகழ்ச்சி முடிந்தது. இந்த இசையைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நல்ல பேஸ் உள்ள ஸ்பீக்கரில் போடுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி ஆட்டம் காதுக்கே வராது.