மேடையும் சொல்லும்

விம்பிள்டனில் நடந்த நினைவுக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். பேச்சாளர் ஐவர். அடுக்குமொழிக்குக் குறைவில்லை, ஒலிவாங்கிதான் பாவம். சபையோ கடைசி ரயிலை நினைத்துக்கொண்டிருந்தது.

எனக்குச் செல்வநாயகம் நினைவுக்கு வந்தார். ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் நாவன்மை அவரிடம் இருந்ததில்லை. மெலிந்த குரல், பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் அதையும் தேய்த்தது. ஆயினும் சனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். 1972இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்து நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். 1975இல் அதே காங்கேசன்துறையில் மீண்டும் நின்று வென்றார். சொன்ன சொல்லுக்கு அவரே விலை கொடுத்தார். சபைக்கு அது தெரியும்.

எங்கள் மேடைகளில் முழங்கிய சொற்களுக்கு விலை கொடுத்தவர்கள் ஊரில் இருந்தவர்கள். இதுவும் சபைக்குத் தெரியும். அதனால்தான் கைதட்டல் மெதுவாக விழுகிறது.